புதிது கிடைக்காத நாட்டில் ஹோண்டா டிஆர்எக்ஸ் 420: ஸ்பேனர் பிடிப்பவரின் மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் ஹோண்டாவின் பண்ணை குவாட் பைக்கை, அதாவது சேற்றிலும் மேட்டிலும் ஓடும் நான்கு சக்கர மோட்டார் பைக்கை, புதிதாக வாங்கும் காலம் முடிந்துவிட்டது. 2021 அக்டோபர் 11 முதல் இங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய பண்ணை குவாட் பைக்கிலும், கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் தடுக்கும் காப்பு வளைவு இருந்தே ஆக வேண்டும். எளிதில் சாயாமல் நிற்கும் திறனுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்துவிட்டார்கள். அந்த வளைவு விஷயத்தில் உடன்படாமல் ஹோண்டா, யமஹா, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் இந்த வகை வண்டிகளை இங்கே விற்பதையே நிறுத்திக்கொண்டன. ஆண்டுக்குச் சராசரியாக 16 பேரைக் குவாட் பைக் விபத்தில் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாடு இது. சட்டம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஹோண்டாக்களை ஓடவைத்துக்கொண்டே இருப்பது எங்களைப் போன்றவர்களின் வேலையாகிவிட்டது. ஆகவே இது புதிய வண்டியின் பளபளப்பைப் பற்றிய மதிப்புரை அன்று. பழைய வண்டி ஒன்று, சொந்தக் கையால் பழுது பார்ப்பவருக்கு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைப் பற்றியது.

நாங்கள் இருப்பது தென் கிப்ஸ்லாந்தில், ஸ்ட்ரெலெக்கி மலைகளின் சரிவில். ஆடுகள், கொஞ்சம் மாடுகள், முள்வேலியை விட வேகமாக வளரும் பிளாக்பெர்ரிப் புதர்கள். குளிர்காலம் முழுக்கச் சேறு. பக்கத்துப் பால் பண்ணையில் ஏலம் நடந்தபோது இந்த டிஆர்எக்ஸ் 420 எஃப்எம் வண்டியை எடுத்தோம். நான் கரூர்ப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வளர்ந்தவள். இரும்பும் கிரீஸும் புதிதல்ல. என் கணவர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். வண்டியின் உடல்நலம் என் பொறுப்பு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் ஸ்பேனர் பிடிக்கத் தயங்காதவருக்கு இதைவிட ஏற்ற பண்ணை வண்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த 420 என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மாடல் பெயரின் கடைசியில் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். ‘எம்’ என்று முடிந்தால் காலால் கியர் மாற்றும் வண்டி. ‘இ’ என்று முடிந்தால் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்திக் கியர் மாற்றுவது. பிறகு தானாகவே கியர் மாறும் இரட்டைக் கிளட்ச் வண்டிகளும் வந்தன. பொத்தான் வண்டியில் ஒரு சிறு மோட்டார்தான் கியர் தண்டைத் திருப்புகிறது; தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஓர் உணரி கணினிக்குச் சொல்கிறது. வசதிதான், மறுக்கவில்லை, பனிக்காலத்தில் கம்பூட்ஸ் போட்ட காலோடு கியர் மிதியைத் தேடுவதைவிடப் பொத்தான் சுகம். ஆனால் மோட்டார், உணரி, அவற்றுக்கான வயர்கள், இணைப்பிகள் என்று சேற்றில் கிடக்கும் பொருள்கள் கூடுகின்றன. காலால் மாற்றும் வண்டியில் அந்த இடத்தில் இருப்பது ஓர் இரும்புத் தண்டும் ஒரு மிதியும். பழுதாகிற பொருளே இல்லாத இடத்தில் பழுது வராது. சொந்தமாகப் பழுது பார்க்கப் போகிறீர்கள் என்றால் ‘எம்’ வாங்குங்கள். வேறு ஆளிடம் கொடுத்துத்தான் சரிசெய்வேன் என்பவர் எதையும் வாங்கலாம்.

காலால் மாற்றும் இந்த வண்டியில் கிளட்ச் கைப்பிடி கிடையாது. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, எஞ்சின் வேகம் ஏறும்போது சுழற்சியின் விசையால் தானாகப் பிடிப்பது. மற்றொன்று, கியர் மிதியை அசைக்கும்போது விலகிக்கொடுப்பது. கியர் கடினமாக விழுகிறது, அல்லது நியூட்ரலில் நிற்க அடம்பிடிக்கிறது என்றால் பலர் கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு திருகின் சரிசெய்தல்தான். பூட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். நடுவில் உள்ள திருகை இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் லேசான தடை விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இதைச் செய்தபின் முதல் கியர் ‘டக்’ என்று விழும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன்னுடைய வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருடையது பொத்தான் வண்டி. அதிலும் உள்ளே கிளட்ச் இதே வகைதான் என்பதால் அவருக்கும் பலன் கிடைத்தது.

எஞ்சின் ஒற்றை சிலிண்டர், 86.5 மில்லிமீட்டர் துளை, 71.5 மில்லிமீட்டர் ஓட்டம், தண்ணீரால் குளிரூட்டப்படுவது. அது வண்டியின் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கிறது. கிராங்க் தண்டும் டிரைவ் ஷாஃப்டும் ஒரே திசையில் போவதால் சக்தியைக் குறுக்கே திருப்புகிற வேலை மிச்சம். சங்கிலி இல்லை, ரப்பர் பெல்ட் இல்லை. பெல்ட் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஆற்றைக் கடந்தபின் பெல்ட் நனைந்து வழுக்குகிறது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். இதில் அந்தப் பேச்சே இல்லை.

கைக்கு எட்டும் தன்மை எப்படி? இருக்கையின் பின்னால் உள்ள நெம்பைத் தூக்கினால் இருக்கை கழன்று வந்துவிடும். காற்று வடிகட்டி அதன் அடியிலேயே. ஆயில் வடிகட்டியை எட்ட எந்த உறுப்பையும் கழற்ற வேண்டாம். பிளாஸ்டிக் உறைகளைப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன அழுத்து ஊசிகள்தான் எனக்குப் பிடிக்காத விஷயம். நடுவில் உள்ள பொட்டை அழுத்தினால் ஊசி விட்டுக்கொடுக்கும். ஆனால் இடுக்கில் மண் ஏறிவிட்டால் விடாது. குளிர்காலக் காலையில் அவசரப்பட்டால் உடையும். ஒரு பாக்கெட் உதிரி ஊசிகள் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். மழை நாளில் வெந்நீர் ஊற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு அழுத்துவது என் வழக்கம்.

அடுத்தது திருகுகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஹோண்டா வாங்கும்போது பாதி வண்டிகளில் கண்ணில் படுவது தலை மழுங்கிய திருகுகள். முந்தைய உரிமையாளர் முரடர் என்று நினைத்துக்கொள்வோம். முரடர் அல்ல, கருவிதான் தவறு. ஜப்பானிய வண்டிகளில் உள்ள கூட்டல் குறித் திருகுகள் ஜப்பானியத் தர நிர்ணயத்தின்படி வெட்டப்பட்டவை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிலிப்ஸ் முனையின் மூலைகள் சற்றே உருண்டவை. ஜப்பானியத் திருகின் பள்ளத்தில் அது அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி நழுவும். நழுவும்போது திருகின் தலையைச் சுரண்டிக்கொண்டு போகும். இரண்டு முறை அப்படி ஆனால் திருகு செத்தது. பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஒசாகாவின் வெஸ்ஸல் நிறுவனத்தின் இம்பேக்டா என்னும் ஸ்குரூ டிரைவரை அதனால்தான் பரிந்துரைக்கிறேன். முனை ஜப்பானியத் தரத்தில் இருக்கும். பின்புறத்தைச் சுத்தியலால் தட்டினால் முனை கழற்றும் திசையில் சிறிது திரும்பும். பல ஆண்டு துருப்பிடித்து நிற்கும் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடித் திருகுகளை அதில் தட்டிப் பாருங்கள். முதல் தட்டில் ஒன்றும் நடக்காது. அடுத்த தட்டில் ‘கிரீச்’ என்று மெல்லிய ஒலி. அதன்பின் விரலால் சுழற்றி எடுத்துவிடலாம். இந்த வண்டிக்காக நான் வாங்கிய கருவிகளில் விலைக்கு அதிகமாக உழைத்தது இதுதான். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சு இரண்டாவது. எஞ்சினின் மூடிகளும் பெட்டியும் அலுமினியம். ஆயில் வடிக்கும் போல்ட்டை இரும்பில் இறுக்குவது போல இறுக்கினால் மரை போய்விடும்.

காற்று வடிகட்டிக்கு வருவோம். எண்ணெய் தடவிய நுரைப் பஞ்சு அது. கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நுரை வடிகட்டிக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, ஒட்டுப்போட்ட இடம் விட்டுக்கொள்ளும். கோடையில் புழுதி அதிகம், அப்போது அடிக்கடி. பெட்டியின் அடியில் உள்ள சிறு குழாயில் தண்ணீரோ மண்ணோ தேங்கியிருந்தால், உள்ளே ஏதோ சரியில்லை என்று பொருள்.

ஆனால் இந்த நாட்டில் காற்றுப் பெட்டியின் உண்மையான எதிரி புழுதி அன்று, சுண்டெலி. 2021-இல் நியூ சவுத் வேல்ஸில் எலிப் பெருக்கம் பயிர்களையும் வைக்கோல் போர்களையும் நாசம் செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தீவனக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் விருந்தாளி வராமல் இருக்க மாட்டார். ஒரு குளிர்காலத்தின் முடிவில் வண்டி கிளம்பியது, ஆனால் மூச்சு வாங்கியது. திராட்டில் கொடுத்தால் முனகல், கரும்புகை. இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே வைக்கோல், சாக்குப் பையின் நூல், என் தோட்டக் கையுறையின் ஒரு விரல், கூடவே வடிகட்டியின் மஞ்சள் நுரையிலிருந்து கடித்தெடுத்த துணுக்குகள். அத்தனையையும் வட்டமாகப் பின்னி, நடுவில் கிண்ணம் போல ஒரு குழி. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கெட்ட நாற்றத்தை மட்டும் வாடகையாக விட்டுச் சென்றிருந்தார்கள்.

புது நுரை வடிகட்டி மலிவு. இதில் விலை உயர்ந்தது, நுரைத் துணுக்கு உள்ளே இழுக்கப்பட்டுவிட்டதா என்று பார்ப்பதற்குச் செலவாகும் பொறுமை. திராட்டில் பாடியின் வாயை டார்ச் அடித்துப் பார்த்து, துணியால் துடைத்து, பக்கத்தில் ஓடும் வயர்களை விரலால் தடவிக் கடிபட்ட இடம் உண்டா என்று சோதித்தபிறகுதான் பூட்டினேன். காற்று புகும் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை ஒரு துண்டு பொருத்தியிருக்கிறேன். வலையின் கண் மிகச் சிறிதாக இருக்க வேண்டாம், சேறு அடைத்துக்கொள்ளும். சுண்டெலியின் தலை நுழையாமல் இருந்தால் போதும்.

ஆயில் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நீந்துகின்றன. காருக்கான, எரிபொருள் சேமிக்கும் வகை ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். கிளட்சுக்கு உராய்வுதான் சோறு. டின்னில் ‘ஜாசோ எம்ஏ’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, 10டபிள்யூ-30 ஊற்றுங்கள். வடிகட்டி காகிதக் குழல். 1980-களின் டிஆர்எக்ஸ் 300 காலத்திலிருந்து மாறாத வடிவம். அதனால் நாட்டின் எந்த மூலையில் உள்ள விவசாயக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு முனையில் ரப்பர் வளையமும் ‘வெளிப்பக்கம்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அது வெளியே பார்க்க வேண்டும். இரண்டாம் கை வண்டி வாங்கியவர்கள் முதல் முறை மூடியைத் திறக்கும்போது முந்தைய ஆள் சரியாகத்தான் மாட்டியிருக்கிறாரா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனிக் கியர் ஆயில் இருக்கிறது. பலர் மறப்பது அதைத்தான். முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு அதன்பின் வடிக்கும் போல்ட்டில் கை வையுங்கள். வரிசையை மாற்றி, ஆயிலை வடித்தபின் மேல் போல்ட் கழலவில்லை என்றால் வண்டி கொட்டகையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வடிந்து வருவது பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீல் கிழிந்ததுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இரண்டு அச்சுப் பெட்டிகளிலிருந்தும் மூச்சுக் குழாய்கள் மேலே ஏறிப் போகின்றன. ஓடிச் சூடான பெட்டி ஓடையின் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக் குழாய் அடைபட்டிருந்தால் அந்தச் சுருக்கம் சீலின் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். எங்கள் வண்டியில் அதன் நுனியில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. சீல் நன்றாகவே இருந்தது.

இனி, வீட்டில் செய்யலாமா வேண்டாமா என்று எல்லோரும் தயங்கும் வேலை: முன் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகளில் கிரீஸ் வெளியேறாமல் மூடியிருக்கும் ரப்பர் உறை, மாற்றுவது. பிளாக்பெர்ரித் தண்டு ஒன்று குத்தி இடப்பக்க வெளிப் பூட் கிழிந்திருந்தது. சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் அதுதான் அடையாளம். அன்று என் கணவர் கேட்டார்:

“ஏம்மா, இதைக் கடைக்கே அனுப்பிவிடலாமே?”

“அனுப்பலாம். டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போகப்போவது யாருங்க?”

அவர் டார்ச் பிடிக்க ஒப்புக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை எடுத்து, பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டைத் தரையில் சக்கரம் ஊன்றியிருக்கும்போதே கொஞ்சம் அசைத்துவைத்தால் வேலை சுலபம். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பால் ஜாயின்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிலிலிருந்து விடுவித்ததும் மொத்தத்தையும் வெளியே சாய்க்க இடம் கிடைக்கும். ஷாஃப்டின் உள்முனையை அச்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு வளையம் கவ்விப் பிடித்திருக்கிறது. நெம்புகோலால் குத்தித் தள்ளினால் சீல் கிழியும். நேர்கோட்டில், இரு கையாலும் பிடித்து ஒரே வெட்டில் இழுத்தால் கழன்று வந்துவிடும். வலிமையைவிடத் திசை முக்கியம்.

பழைய கிரீஸை விரலால் வழித்து எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பூட்டை மட்டும் மாற்றினால் போதும். நறநறவென்று மணல் தட்டினால் மூட்டையே சந்தேகப்பட வேண்டும். எங்களுடையதில் மேல் பக்கத்துக் கிரீஸில்தான் மணல், அடியில் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒற்றி, மூட்டை ஒவ்வொரு கோணத்திலும் சாய்த்து உள்ளே உள்ள எஃகுக் குண்டுகளைப் பார்த்தேன். கண்ணாடி போல மின்னின. அவை ஓடும் தடத்தில் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. ஷாஃப்ட் பிழைத்தது.

வெளி மூட்டை ஹோண்டா பிரிக்கவிடாது. உள் மூட்டைக் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்துதான் புதுப் பூட்டை நுழைத்துக்கொண்டு வர வேண்டும். தண்டின் நுனியில் உள்ள பற்கள் ரப்பரைக் கீறாதிருக்க, அவற்றின் மேல் மின்சார டேப்பைச் சுற்றிவிட்டு நுழையுங்கள். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸை மூட்டின் வாய்க்குள் திணித்து, மிச்சத்தைப் பூட்டுக்குள் பிழிந்து, கிளாம்ப் இறுக்கும் முன் பூட்டின் உதட்டைச் சற்றே தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் அது பலூனாகும். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். டார்ச் பிடித்தவர் பாதியிலேயே நிலாவைப் பார்க்கப் போய்விட்டார் என்பதைத் தவிர வேலையில் குறையில்லை.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. முன்னால் ஹைட்ராலிக் டிஸ்க், பேடு மாற்றுவது எளிது. பின்னால் மூடிய டிரம், கேபிளால் இயங்குவது. ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே உள்ள அம்புக்குறியே காட்டிவிடும். கேபிள் தளர்வை அதன் முனையில் உள்ள நட்டைக் கையால் திருகிச் சரிசெய்யலாம். மூடிய டிரம் என்பதால் சேறு உள்ளே போகாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் சீலுக்கும் வயது உண்டு. அச்சளவு தண்ணீரில் நாள்தோறும் போகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

டேப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது, பற்றிச் சொன்னால் வாகன ஆர்வலர்கள் மகிழ்வார்கள். புஷ்ராடு எஞ்சின், திருகும் பூட்டு நட்டும் கொண்ட பழைய பாணி. இடைவெளிக்காக மாற்றிப்போடும் ஷிம் தகடு கிடையாது, கேம் தண்டைக் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, சோதனைத் துளையில் ‘டி’ குறி தெரிய, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இழுத்துப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போலவும் வரக் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. அளவை ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், இணையத்தில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். அந்த மேனுவல் விலை உயர்ந்ததுதான். ஆனாலும் வண்டியோடு சேர்த்து வாங்க வேண்டிய உறுப்பாகவே அதைக் கருதுங்கள்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்றால் கணினி வேண்டுமே, வீட்டில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கோளாறு விளக்கே கணினி சொல்வதைச் சொல்லிவிடுகிறது. நீண்ட மினுக்கம் ஒவ்வொன்றும் பத்து, குறுகிய மினுக்கம் ஒவ்வொன்றும் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12. மேனுவலின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் எந்த உறுப்பு என்று தெரிந்துவிடும். உறுப்பை வாங்க ஓடும் முன் அதன் இணைப்பியைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரக் காற்றழுத்தத்துக்குத் தனிக் கருவி வாங்குவது அவசியம். இந்த டயர்களுக்கு வேண்டியது நாலு பிஎஸ்ஐ-யை ஒட்டிய அழுத்தம். கார் டயருக்கான மானியில் அந்த அளவு முள்ளின் நடுக்கத்திலேயே காணாமல் போய்விடும். ஒரு சக்கரத்தில் கூட, மற்றொன்றில் குறைய என்று இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சரிவில் அது விளையாட்டல்ல. பின்புறச் சுமைதாங்கியில் 60 கிலோ, முன்புறத்தில் 30 கிலோ என்பது வரம்பு. களைக்கொல்லித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் பின்புற வரம்பு அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உதிரிபாகங்கள்: விற்பனை நின்றாலும் உறுப்புகள் கிடைக்கின்றன. ஸ்பிளிட் பின், சீல், வடிகட்டி, பிரேக் பேடு எல்லாம் அசலாகவே வாங்குகிறேன். இணையத்தில் ஓரிடத்தில் மலிவாக வீல் பேரிங் வாங்கினேன். பெட்டியில் ஊரும் பேரும் இல்லை, கையில் வைத்துச் சுழற்றினாலே மணல் சத்தம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் ஆடு குட்டி போடும் வாரத்தில் வண்டி ஜாக்கியின் மேல் நின்றதற்கு யார் பணம் தருவது? இப்போது பேரிங்கை உள்ளூர் பேரிங் கடையில், மேலே பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி வாங்குகிறேன். அந்தக் கடைக்காரர் பழைய பேரிங்கை வாங்கிச் சுழற்றிப் பார்த்து, கூடவே சீலும் போட்டுவிடு என்று சொல்லுவார். சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் முன்னால் இருப்பதால் சேறும் புல்விதையும் அதன் மடல்களில் அடைக்கின்றன. உயர் அழுத்த நீர்க் கருவியை அதில் காட்டினால் மடல்கள் மடங்கிவிடும். தோட்டக் குழாயால் பின்புறமிருந்து மெல்லத்தான் கழுவ வேண்டும், கை நுழைய இடம் போதாது. முன் அச்சுப் பெட்டியின் ஊற்றும் துளைக்குப் புனல் நேராக நிற்காது, நீளக் குழாய் வைத்த புட்டி வேண்டும். இருக்கைக்கடியில் கருவிப்பை வைக்கும் இடம் கஞ்சத்தனமானது. எஞ்சினைப் பிளந்து கியர்களைத் தொடும் வேலையை நான் செய்வதில்லை. அதற்கு எஞ்சினையே சட்டகத்திலிருந்து இறக்க வேண்டும்; அந்த அளவுக்கு ஆளும் கொட்டகையும் எங்களிடம் இல்லை.

ஏலத்திலோ பக்கத்துப் பண்ணையிலோ ஒரு 420 எம் கண்ணில் பட்டால், ஓட்டிப் பார்க்கும் முன் தரையில் உட்காருங்கள். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்டோ பேரிங்கோ போயிருக்கிறது. நான்கு ரப்பர் பூட்களையும் மடிப்பு விரித்துப் பாருங்கள், கிழிசல் மடிப்பின் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும். உரிமையாளர் சம்மதித்தால் பின் அச்சின் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். இருக்கையைத் தூக்கிக் காற்றுப் பெட்டியைத் திறங்கள். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். காப்பு வளைவு பொருத்தப்படாத வண்டி என்றால் அதன் விலையையும் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். இங்கே செய்யப்படும் குவாட்பார், நியூசிலாந்தின் லைஃப்கார்டு இரண்டுமே வீட்டில் ஸ்பேனரால் பொருத்தக்கூடியவை. பொருத்தியபின், சேற்றில் ஓடி அதிர்ந்த போல்ட்டுகளை ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.